வருத்தமே இல்லாத சனத்துக்கு மருந்து வித்த கடை

மருந்துக்கடைப் பிள்ளையள், ஓடிற், அதுதான் இன்சூரன்ஸ்காரரின்ர கணக்குச் சோதினை, வரப்போகுதெண்டு கடிதம் வந்த நாளிலயிருந்து நீங்கள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டிட்டுத் திரியிறதாகக் கேள்விப்பட்டன். கடிதம் வந்ததோ? அதுக்கே நீங்கள் குடுத்து வைச்சனியள். நாங்கள் வேலை செய்த காலத்தில ஓடிற்றர், பொம்பிளை பாக்க வாற பகுதி மாதிரி முதலே சொல்லிப்போட்டு வாறேல்லை. கள்ளன் வாற மாதிரி வருவார். வந்து எங்களைக் கள்ளர் எண்டுவார்.

வாவிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில கன மாநிலங்களில இதுக்கெண்டே சட்டம் இருக்காம். முன்கூட்டிச் சொல்லிப்போட்டுத்தான் வரவேணும், மருந்து தெரிஞ்ச ஒருத்தர் பாக்கவேணும், எழுத்துப் பிழையைக் களவு எண்டு சொல்லக்கூடாது, கடைக்காரர் பதில் சொல்ல இடம் குடுக்கவேணும். இஞ்சையும் மாகாணச் சட்டசபை அப்பிடி ஒண்டைக் கொண்டுவர வேணுமெண்டு நீங்கள் கையெழுத்துச் சேர்க்கிறியள். நல்லது. மனிசரை மனிசர் மாதிரி நடத்துறதுக்கும் சட்டம் வேணுமெண்டு கண்டுபிடிச்சவன் கெட்டிக்காரன். என்ர கையெழுத்தையும் போட்டிருக்கிறன். ஆனால் சட்டத்தை எழுதுறவைக்கு எங்கட சனத்தைத் தெரியாது. அதாலதான் இதை எழுதித் தாறன். வாயால சொன்னால் போனைப் பாத்துக்கொண்டு தலையாட்டுவியள்.

நான் ஐஞ்சாம் வகுப்போட நிண்டவள். மருந்தின்ர பேரை வாசிக்கச் சொன்னால் வாசிக்கமாட்டன். வாசிக்கவேண்டிய தேவையும் வரேல்லை, அதுக்குத்தானே படிச்ச ஆக்களுக்குச் சம்பளம் குடுத்தது. என்ர இடம் கவுண்டர். ஆளைப் பாத்து, பையைக் குடுத்து, கையெழுத்து வாங்கிறது. நாங்கள் வந்து குடியேறின இந்த மல்வேர்னில என்ர கவுண்டரைத் தாண்டாமல் ஒருத்தரும் சுகப்படேல்லை எண்டு சொன்னால் பெருமை அடிக்கிறா எண்டுவியள். பெருமைதான்.

முதலாளியும் மருந்து கட்டுற பாமசிஸ்ற்றும் ஒரே ஆள். யாழ்ப்பாணத்து முஸ்லிம். வாறவை எல்லாரும் நானா, அதாவது அண்ணை, எண்டுதான் கூப்பிடுவினம், நானும் அப்பிடித்தான். அவர் என்னை அக்கா எண்டுவார். ஒரு குளிசையைக் குடுக்க முதல் பத்துக் கேள்வி கேப்பார். காலமை என்ன சாப்பிட்டனீங்கள், தலை சுத்துதோ, போன தடவை தந்ததை முடிச்சனீங்களோ இல்லாட்டில் லாச்சிக்குள்ள வைச்சிருக்கிறியளோ. வரிசை வாசல்மட்டும் நிக்கும். அவர் அசையமாட்டார். நான்தான் வாசலைப் பாத்துச் சிரிச்சுச் சமாளிக்கிறது.

எங்கட கடைக்கு வாறவையில பாதிப்பேர் ஒரே தொழிற்சாலையில வேலை. அந்தத் தொழிற்சாலையின்ர இன்சூரன்ஸ்தான் அவையின்ர மருந்துக்குக் காசு குடுக்கிறது. அந்த இன்சூரன்ஸ் இல்லையெண்டால் கடையும் இல்லை. இதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ.

நான் சொல்லுறது நாட்டில சண்டை முடிஞ்ச வருசத்துக் கதை. சித்திரையில எங்கட சனம் ரவுணுக்குப் போய் றோட்டில குந்தியிருந்தது. சனம் சாகுது, நிப்பாட்டுங்கோ எண்டு கத்தினது. வேலைக்குச் சுகமில்லையெண்டு சொல்லிப்போட்டுப் போனவையும் கனபேர். போனவைக்கு மருந்து எடுக்கக் கடைக்கு வர நேரமில்லை. எங்கட பில்டிங்கில இருக்கிற கமலம் ஒரு பெரிய பையோட வருவாள். ஒரு மாடி முழுக்க ஆக்களின்ர மருந்தை அள்ளிக்கொண்டு, எல்லாருக்கும் தானே கையெழுத்து வைச்சுப்போட்டு, சப்வேயில கொண்டுபோய் றோட்டில இருக்கிறவையின்ர கையில குடுப்பாள். ஊரிலயும் அப்பிடித்தானே. ஒரு வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒழுங்கை முழுக்க மருந்துத் துண்டைக் குடுத்து விடும்.

ஓடிற்றர் வந்தது அந்தக் கிழமையளில ஒரு காலமை. கழுத்துப்பட்டி கட்டின தம்பி, நல்ல மரியாதை. அதுக்கு முதல் ரயர் விக்கிற கடையளின்ர கணக்குப் பாத்தவர் எண்டு அவரே சொன்னவர். ரயரும் குளிசையும் வட்டம்தானே எண்டு நான் மனதுக்குள்ள நினைச்சன். ஒரே கையெழுத்துத் திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டவுடன அந்த முகத்தில விளக்குக் கொளுத்தினமாதிரி ஒரு வெளிச்சம். நானா நடந்ததை உள்ளபடி சொன்னவர். தம்பி எல்லாத்தையும் கேட்டிட்டு, சரி, நாங்கள் ஆக்களுக்கே போன் எடுத்துக் கேக்கிறம் எண்டார்.

நானாவுக்குச் சந்தோசம். கேக்கட்டும் அக்கா, சனம் உண்மையைத்தானே சொல்லப்போகுது எண்டார். படிச்ச மனிசன். எனக்கெண்டால் எங்கட சனத்தைத் தெரியும்.

போன் எடுத்தவை மொழிபெயர்க்கவெண்டு ஒரு ஆளை வைச்சிருந்தவை. அந்தப் பிள்ளை பேசினது இந்தியத் தமிழ். நீங்க மாத்திரை சாப்பிடறீங்களா, வீட்ல எத்தனை பேர் இருக்காங்க, இந்தக் கடைக்காரரைத் தெரியுமா. அந்தப் பிள்ளையில பிழையில்லை. ஆனால் எண்பத்தேழில இதே தமிழில, இதே கேள்வியளை, இந்தியன் ஆமி துவக்கோட வாசலில நிண்டு கேட்டதை எங்கட சனம் மறக்கேல்லை. அதோட, போன் வேலைத்தலத்து இன்சூரன்ஸில இருந்து. சுகமில்லையெண்டு லீவு போட்டு றோட்டில குந்தியிருந்த சனம். பிறகென்ன, கேக்கவேணுமே.

ரெண்டு நாளால மாஸ்டர் கடைக்கு வந்தார். ஊரில கணக்குப் படிப்பிச்சவர், இஞ்ச அதே தொழிற்சாலையில பெட்டி ஒட்டுறவர். இருதயத்துக்கு இரத்தத்தை இளக்கிற குளிசை எடுக்கிறவர். அயன் பண்ணின சேட்டோட, பரிசு வாங்க வாற பிள்ளை மாதிரி வந்து நிண்டார்.

"நானா, உங்களைப்பற்றி விசாரிச்சவங்கள். ஒரு சொல்லு வெளியில விடேல்லை."

"என்ன கேட்டவை மாஸ்டர்?"

"இந்தக் கடையில மருந்து எடுக்கிறனீங்களோ எண்டு. அப்பிடி ஒரு கடை இருக்கிறதே தெரியாது எண்டிட்டன்."

"நீங்கள் முந்தநாளும் வந்து எடுத்தனீங்கள்."

"அது எனக்குத் தெரியும் நானா. அவங்களுக்கு ஏன் தெரியவேணும்?"

நானா கதிரையைத் தேடி இருந்தார்.

அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தரா வந்தினம், நன்மாராயம், அதுதான் நல்ல செய்தி, சொல்ல. ஒருத்தர், போனில பேர் சொல்லிக் கேட்ட ஆள் தான்தான் எண்டாலும், அவர் செத்துப்போனார் எண்டு சொல்லி வைச்சிட்டாராம். இன்னொருத்தி, தனக்குத் தமிழே விளங்காது எண்டு தமிழில சொன்னாவாம். கமலத்தின்ர கதை எல்லாத்திலும் மேல. அவளின்ர மகளுக்குப் பக்கத்து ஊர் அஜக்ஸில சொந்த வீடு வைச்சிருக்கிற மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தவை. இந்தியத் தமிழில பிள்ளை பேசினதும், மாப்பிள்ளை பகுதி ஆரையோ பிடிச்சு இரகசியமா விசாரிக்கினம் எண்டு அவளுக்கு விளங்கிப்போச்சாம். எங்கட பரம்பரையிலயே சீனியும் இல்லை, பிரசரும் இல்லை, தடிமன்கூட வந்ததில்லை எண்டிருக்கிறாள். நாலு வருசமா இன்சுலின் ஊசி போடுறவள்.

எல்லாரும் நானாவைக் காப்பாத்திப்போட்டம் எண்ட நிம்மதியோட போச்சினம். அப்பிடிக் காப்பாத்தினதில கடை மூடுற நிலைக்கு வந்தது. இன்சூரன்ஸ்காரரிட்டை இருந்து கடிதம். நோய் வருத்தம் இல்லாத சனத்தின்ர பேரிலயும் செத்த ஆளின்ர பேரிலயும் மருந்து குடுத்ததாகக் காட்டியிருக்கிறியள், ஒழுங்கான பதில் இல்லாட்டில் உங்களை வெட்டிவிடுவம், லைசன்ஸ் குடுக்கிற இடத்துக்கும் அறிவிப்பம். கொஞ்ச நாளில அந்தத் தம்பி கடைசியா ஒருக்கா வருவார், அதோட முடிவு. நானா போன் எடுத்து விளங்கப்படுத்தப் பாத்தவர். மிசின்தான் கதைச்சது.

விசயம் தெரிஞ்சதும் மாஸ்டர் ஓடி வந்தார். கணக்கு வாத்தியார், வழி வைச்சிருந்தார். பழைய திகதியில எல்லாரிட்டையும் கையெழுத்து வாங்கித் தாறன், ஒரு பின்னேரத்து வேலை எண்டார். எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுது. மருந்து உண்மையாக் குடுத்தது, ஆள் உண்மையாக் குடிச்சது, கையெழுத்து மட்டும் கொஞ்சம் பிந்தினால் என்ன?

நானா பையைக் கட்டிக்கொண்டு நிண்டவர், நிமிரேல்லை.

"மாஸ்டர், இவ்வளவு நாளும் நடந்தது பிழை. நீங்கள் சொல்லுறது பொய். பிழைக்குக் கடை போனால் நான் தலை நிமிர்ந்து போவன்."

இதைக் கேட்டு உங்களுக்குப் புல்லரிக்கலாம். எனக்கு அண்டைக்குக் கோபம்தான் வந்தது. தலை நிமிர்ந்து போற மனிசருக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? ஆனால் பிறகு யோசிச்சன். அந்தத் தம்பி கையில வைச்சிருந்தது வெறும் சந்தேகம். நாங்கள் பழைய திகதி போட்டிருந்தால், அவருக்குத் தேவையான களவை நாங்களே செய்து, பொதி பண்ணிக் குடுத்த கணக்கு. அவசரத்தில மூளை முதல் கொண்டு வாற வழி எப்பவும் அதுதான். கொண்டு வந்தால் அதை ஓரமா வைச்சிட்டு ரெண்டாவதுக்குக் காத்திருங்கோ.

ரெண்டாவது வழி லேசு. மருந்து எடுத்தவை வந்து, தங்கட வாயால, ஓம் நாங்கள் எடுத்தனாங்கள் எண்டு சொல்லவேணும். சொன்னால் காணும். ஒரு சொல்லு. ஆனால் அதைச் சொல்ல வைக்க முதல் வைகாசி வந்தது. எல்லாம் முடிஞ்சுது எண்டு செய்தி வந்தது.

அந்த நாளுகளைப்பற்றி நான் எழுதப்போறேல்லை. கடையில றேடியோவை நானா நிப்பாட்டினார். வந்த ஆக்கள் மருந்துப் பேரை மறந்து போய் நிண்டவை. அவர் கதிரை எடுத்துப் போட்டு, தண்ணி குடுத்து, ஆரெண்டு பாத்துத் தானே எடுத்துக் குடுத்தார்.

ஓடிற்றர் வாற நாள் கிட்டிச்சுது. நான் வீடு வீடாப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டன். நானா வேண்டாம் எண்டிட்டார்.

"செத்தவீட்டுக்குப் போய்ச் சாட்சிக்கு வாங்கோ எண்டு கேக்கிறதே அக்கா? கடை போனால் இன்னொருத்தரின்ர கடையில சம்பளத்துக்கு நிப்பன்."

"உங்களுக்கு என்ன, லேசாச் சொல்லிப்போட்டியள்."

"லேசில்லை. ஆனால் பழக்கம்."

அப்பதான் எனக்கு உறைச்சுது. தொண்ணூறில இயக்கப் பெடியள் துவக்கோட வந்து யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை உடுத்த உடுப்போட வெளிக்கிடச் சொன்னதில நானாவின்ர குடும்பமும் ஒண்டு. அங்க தகப்பன் வைச்சிருந்த மருந்துக்கடையின்ர திறப்பையும் வாங்கிப்போட்டுத்தான் அனுப்பினவை எண்டு ஆக்கள் சொல்லிக் கேட்டனான். இவ்வளவு வருசம் பக்கத்தில நிண்டு வேலை செய்தும் நான் அதைப்பற்றி அவரிட்டை ஒண்டும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிப்போடுவார் எண்ட பயம். அந்தச் சனத்தைத் துரத்தேக்கை பாத்துக்கொண்டு நிண்ட ஊரின்ர ஆக்கள்தான் இப்ப அவரின்ர கவுண்டருக்கு முன்னால நிண்டு அழுதது. அவர் கதிரை எடுத்துப் போட்டார்.

நான் ஒரு வீட்டுக்கும் போகேல்லை.

ஒரு பின்னேரம் மாஸ்டரின்ர மகள் போன் எடுத்தாள். சின்னனில வந்து இஞ்ச வளந்த பிள்ளை. வன்னியில இருந்த மாமி குடும்பத்தைப்பற்றி நல்ல செய்தி வரேல்லையாம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கேக்கை தகப்பனுக்கு மூக்கால இரத்தம் ஓடத் தொடங்கினது நிக்கேல்லையாம். ஆஸ்பத்திரியில நிக்கிறாள்.

"அன்ரி, டாக்டர் கேக்கிறார், அப்பா நோ மெடிகேஷன்ஸ் எண்டு சொல்லுறார். அம்மாவும் அதையே சொல்லுறா. பிளட் டெஸ்ற் வேற மாதிரிக் காட்டுது. அப்பா என்ன குடிக்கிறவர்? பிளீஸ்."

அங்கயும் ஒருத்தர் மட்டையும் பேனையுமா வந்து, வீட்டில எத்தனை பேர், என்ன மருந்து எண்டு கேட்டிருக்கிறார். மாஸ்டருக்கு அது காணும். மூக்கைப் பொத்திக்கொண்டு, இரத்தம் வழிய வழிய, ஒண்டும் குடிக்கிறேல்லை எண்டு சாதிச்சிருக்கிறார். கடையைக் காட்டிக் குடுக்கமாட்டாராம். வாய் இல்லையெண்டுது, இரத்தம் ஓம் எண்டு சொல்லிப்போட்டுது.

நான் போனை நானாவிட்டை நீட்டினன். அவர் டாக்டரோட கதைச்சார். என்ன மருந்து, எவ்வளவு, எப்ப கூட்டினது, எல்லாம் மனப்பாடம். அதுக்கு மாத்து மருந்து ஏத்தித்தான் இரத்தத்தை நிப்பாட்டினவை.

பிறகு ஓடிற்றர் வந்தார். அதே கழுத்துப்பட்டி. நானா தனியத்தான் அவருக்கு முன்னால இருந்தார். நான் கவுண்டரில நிண்டு, அடுத்த மாசம் வாடகைக்கு என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். கதவு திறந்தது. மாஸ்டர் மகளைப் பிடிச்சுக்கொண்டு வந்தார், கையில ஆஸ்பத்திரிப் பட்டி கழட்டாமல். அவருக்குப் பின்னால கமலம். கமலத்துக்குப் பின்னால அந்த மாடி முழுக்க, மாஸ்டர் ஆஸ்பத்திரியில இருந்தே போன் எடுத்துச் சேர்த்தவராம். எல்லாற்ற கையிலயும் மரக்கறிக் கடைப் பை, அதுக்குள்ள குளிசைப் போத்திலுகள். செத்துப்போனவரும் வந்திருந்தார்.

மாஸ்டர் போத்திலை மேசையில வைச்சார். நான் இந்தக் கடையிலதான் எடுக்கிறனான், றோட்டில இருந்த நாளுகளில கமலம்தான் கொண்டுவந்து தந்தவ, முதல் சொன்னது பொய் எண்டார். மகள் இங்கிலீசில சொன்னாள். ஏன் அப்ப இல்லையெண்டு சொன்னனீங்கள் எண்டு தம்பி கேட்டார். கேக்கத்தானே வேணும், அதுக்குத்தானே சம்பளம்.

"தம்பி, ஆமியும் வந்து கேட்டது, பெடியளும் வந்து கேட்டவை. நீங்கள் கேட்ட இதே கேள்வியளைத்தான். ஓம் எண்டு சொன்ன வீடுகளில ஆள் குறைஞ்சுது. இல்லையெண்டு சொன்னபடியால் நான் இருக்கிறன்."

மகள் தகப்பனைத் திரும்பிப் பாத்தாள். அவளுக்கும் அது புதுக்கதை. தம்பி பேனையோட காத்துக்கொண்டிருந்தார். மகள், அப்பா பயந்திட்டார் எண்டு மட்டும் இங்கிலீசில சொன்னாள். அவர் அதை எழுதினார்.

பிறகு மற்றவை. ஓம் எண்டு சொல்லத் தொடங்கினால் எங்கட சனத்துக்கு நிப்பாட்டத் தெரியாது. ஓடிற்றர் கேக்காத மூட்டுவலி, வாய்வு, கண்ணில பூ விழுந்தது எல்லாத்தையும் சொன்னவை. கமலம் தன்ர சீனியின்ர அளவை முழுக்கடைக்கும் கேக்கச் சொன்னாள். இருமல் மருந்து வாங்க வரிசையில நிண்டது மாப்பிள்ளையின்ர பெரியம்மா. கலியாணம் குழம்பேல்லை. மாப்பிள்ளையின்ர தாய்க்கும் சீனியாம், அவை எங்களிட்டை மறைச்சவை.

களவு இல்லையெண்டு முடிவு வந்தது. ஒரே கையால கையெழுத்து வைச்ச மருந்துகளுக்கு மட்டும் காசைத் திருப்பி எடுத்தவை. பிழைதானே, நானா குடுத்தார். மன்னிப்பு எண்டு ஒரு சொல்லு வரேல்லை, விசாரணைக் கோவை மூடப்பட்டது எண்டு வந்தது. அந்தத் தம்பி இப்ப எந்தப் பல்லு வைத்தியரின்ர கணக்குப் பாக்கிறாரோ தெரியாது.

உந்தச் சட்டம் அண்டைக்கு இருந்திருந்தால் நானாவுக்கு அந்த மாசம் நித்திரை வந்திருக்கும். அதுக்காகவே நீங்கள் கையெழுத்துச் சேருங்கோ. ஆனால் சட்டம் வந்து ஓடிற்றரைத் திருத்தட்டும், சனத்துக்கு நீங்கள்தான் சொல்லவேணும். பையைக் குடுக்கேக்கை சொல்லுங்கோ, ஆரும் போன் எடுத்துக் கேட்டால் இந்தக் கடையைத் தெரியும் எண்டு சொல்லச் சொல்லி. சிரிப்பினம். சிரிச்சால் இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் பதிலா இன்னொருத்தரைக் கையெழுத்து வைக்க விடாதையுங்கோ, அது உங்கட சொந்த மாமியாரா இருந்தாலும்.

அண்டைக்கு எல்லாரும் போன பிறகு மாஸ்டர் போகேல்லை. மகளைக் காரை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி அனுப்பிப்போட்டு, என்ர கவுண்டருக்குப் பக்கத்தில நிண்டார். நானா அவருக்குப் புதுசாக் குறைச்ச அளவில மருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, தொண்ணூறில உங்கட சனத்தை அனுப்பேக்கை நான் சந்தியில நிண்டனான். என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் தெரியாது எண்டுதான் சொல்லியிருப்பன்."

 நானா பதிலுக்கு ஏதும் சொல்லுவார் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். அவர் போத்திலின்ர மூடியை இறுக்கி, பையில போட்டு, வெளியில வந்து மாஸ்டருக்கு முன்னால நிண்டார். எல்லாருக்கும் சொல்லுற மாதிரியே சொன்னார். இது இனிப் பாதி, இரவில மட்டும். கீரையைக் குறையுங்கோ. திங்கட்கிழமை இரத்தம் சோதிக்கவேணும். முகம் வழிக்கேக்கை வெட்டினால் கவனம். மாஸ்டர் முதல்நாள் மருந்து எடுக்க வந்தவர் மாதிரி ஒவ்வொண்டுக்கும் தலையாட்டினார்.

"விளங்கிச்சோ மாஸ்டர்?"

"ஓம் நானா" எண்டார். பையை வாங்கிக்கொண்டும் கொஞ்ச நேரம் அதிலேயே நிண்டார். நானா அவருக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.